தோட்டத்தின் பேரும் தாத்தாவின் பேரும்: கோலசிலாங்கூர் வட்டாரத்தில் முன்னோரைத் தேடுதல்

சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் கோலசிலாங்கூரில் தொடங்கி, ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கிழக்கே கோலகுபு வரையும், வடக்கே பெர்ணம் ஆறு வரையும் விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் சதுப்பும் காடுமாகவே இருந்தது. அங்கே முதலில் காப்பியும் தென்னையும், 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை ஏறத் தொடங்கியதும் ரப்பரும் பயிராயின. தமிழர் காட்டை அழித்து நாடாக்கினர் என்று மேடைகளில் சொல்லப்படுவது முழு உண்மையன்று. பெருமரங்களை வீழ்த்தும் வேலை பல இடங்களில் மலாய், ஜாவானிய, சீன ஒப்பந்தக் குழுக்களிடம் விடப்பட்டது. எரிந்து கிடந்த நிலத்தைத் துப்புரவு செய்து, வடிகால் வெட்டி, கன்று நட்டு, களையெடுத்து, பால் வெட்டும் பருவம் வரைக்கும் அதைக் காத்தவர்களே தமிழர். காட்டின் விளிம்பில் முதன்முதலாக லயம் என்னும் வரிசைக் குடியிருப்பு போட்டுத் தங்கியவர்கள் என்ற பொருளில் இவர்களை எல்லைக் குடியேறிகள் என்று அழைக்கலாம். ஆனால் வேறு நாடுகளின் எல்லைக் குடியேறிகளுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டோரம் குடியேறியவர் தம் பெயரில் நிலம் எழுதிக்கொண்டதால், அவருடைய கொள்ளுப்பேரன் நிலப் பதிவேட்டைத் திறந்ததும் அவரைக் காண்கிறான். கோலசிலாங்கூரின் தமிழர் உழைத்த நிலமோ பெரும்பாலும் லண்டனில் பதிவான கம்பெனிகளின் பெயரில் இருந்தது. எனவே இவ்வட்டாரத்தில் ஒரு முன்னோரைத் தேடுபவர் நிலத்தின் வரலாற்றையும் குடும்பத்தின் வரலாற்றையும் தனித்தனியே பின்தொடர்ந்து, அவை ஒன்றையொன்று தொடும் சில இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மலாயாவுக்கு வந்தவர்களின் பெயர்கள் ஏன் எளிதில் அகப்படுவதில்லை என்பதை அவர்களைக் கொண்டுவந்த முறையே விளக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற 1,52,184 பேருக்கும் கப்பல் வாரியாகப் பட்டியல் உண்டு. ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. பிஜிக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டுகளும், மொரீசியசின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படும் குடியேற்ற ஆவணங்களும் இத்தகையவையே. இவை யாவும் ஒப்பந்தக் கூலிமுறையின் விளைவுகள். ஓராளை ஐந்தாண்டுக்குக் கட்டிப்போட வேண்டுமானால் அவன் யாரென்று எழுதி வைத்தாக வேண்டும். மலாயாவிலும் அம்முறை இருந்தது. தமிழர் அதைச் சஞ்சிக்கூலி என்றனர். அது 1910இல் ஒழிக்கப்பட்டது. ரப்பர் பெருகிய காலத்தில் ஆள் சேர்த்தவர் கங்காணி, அதாவது தோட்டத்திலிருந்து உரிமச் சீட்டுடன் தம் சொந்த ஊருக்குத் திரும்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்து, அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்ற மேஸ்திரி. 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி, ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் செலவையும் கப்பல் கட்டணத்தையும் ஏற்றது. இவ்வாறு வந்தவர் சட்டப்படி சுதந்திரக் கூலி என்பதால் தனியாள் ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. ஒப்பந்தமில்லாத சுதந்திரம் பேரனுக்குப் பத்திரமில்லாத தாத்தாவை விட்டுச் சென்றது என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

எனினும் இம்முறையின் ஆண்டுகள் தேடலுக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படும். குடும்பத்தில் வழங்கும் கதைகளை அவற்றோடு ஒட்டிப் பார்த்தாலே பல தவறுகள் நீங்கும். கொள்ளுத்தாத்தா 1925இல் சஞ்சிக்கூலியாக வந்தார் என்ற கூற்று நிற்காது. அவ்வாண்டில் அம்முறை இல்லை. இந்திய அரசு 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்ததால், அதற்குப் பின் கங்காணியுடன் வந்ததாகச் சொல்வதும் பொருந்தாது. கப்பலின் பெயரும் அப்படியே. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பல, முன்னோர் ரஜூலாவில் வந்ததாகச் சொல்கின்றன. எஸ்.எஸ். ரஜூலா கட்டப்பட்டது 1926இல். முதல் உலகப் போருக்கு முன் வந்தவர் அதில் ஏறியிருக்க வழியில்லை. 1970களின் தொடக்கம்வரை ஓடிய அக்கப்பலில் அவரோ அவருடைய மகனோ பின்னாளில் ஊருக்குப் போய் வந்திருக்கலாம். அந்த நினைவு முதல் பயணத்தின் மேல் படிந்திருக்கலாம். 1930களின் பெருமந்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அரசுச் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதையும், அவர்களுள் பலர் விலை தேறியதும் மீண்டும் வந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். 1934 அல்லது 1936 என்று ஒரு தாளில் காணப்படும் வருகை ஆண்டு இரண்டாம் வருகையின் ஆண்டாக இருப்பது அரிதன்று.

இனி நிலத்துக்கு வரலாம். சிலாங்கூரின் நிலச் சட்டத்துக்கு அடித்தளமிட்டவர் 1889 முதல் 1892 வரை அங்கு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல். அவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று கற்றுவந்த டாரன்ஸ் முறை 1891இல் சிலாங்கூரில் சட்டமாயிற்று. டாரன்ஸ் முறை என்பது, நிலத்தின் உரிமையைப் பழைய கிரயப் பத்திரங்களின் தொடரைக் கொண்டு நிறுவாமல், அரசுப் பதிவேட்டில் உள்ள ஒரே பக்கத்தைக் கொண்டு நிறுவுவது. பதிவேடு யாரை உரிமையாளர் என்கிறதோ அவரே உரிமையாளர். தமிழ்நாட்டில் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று தேடிப் பழகியவருக்கு இது புதிதாகத் தோன்றும். இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பதிவுப் பக்கம் உண்டு. அதன்மேல் நடந்த விற்பனை, அடமானம், குத்தகை, வாரிசுரிமை மாற்றம் அனைத்தும் அப்பக்கத்திலேயே நாள் வாரியாகக் குறிக்கப்படும். பெருந்தோட்டங்களுக்குக் கிராண்ட் என்று மக்கள் இன்றும் சொல்லும் பெரும்பட்டா வழங்கப்பட்டு மாநிலப் பதிவகத்தில் வைக்கப்பட்டது. சிறு காணிகள் முக்கிம் பதிவேட்டில் ஏறின. முக்கிம் என்பது மாவட்டத்தின் உட்பிரிவு, ஏறக்குறைய தமிழ்நாட்டின் வருவாய்க் கிராமம் போன்றது. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஜெராம், ஈஜோக், அப்பி அப்பி, பாசாங்கான், தஞ்சோங் காராங் போன்றவை முக்கிம்கள். 1926இன் நிலச் சட்டத்தொகுப்பும், 1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் இந்த இரட்டை அமைப்பைத் தொடர்ந்தன. நாட்டுப்புற நிலமானால் நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்டது மாநிலப் பதிவகத்துக்கும், அதற்குட்பட்டது மாவட்ட நில அலுவலகத்துக்கும் உரியது.

கட்டணம் செலுத்தி எவரும் எந்த நிலத்தின் பதிவையும் பார்க்கலாம். ஆனால் தேடலுக்கு வேண்டியவை முக்கிமின் பெயரும், லோட் என்னும் அளவை எண்ணும், பட்டா எண்ணும்; ஆளின் பெயரைக் கொடுத்து அவருக்கு எங்கெங்கே நிலம் இருந்தது என்று கேட்க அதில் வழியில்லை. எண்களும் மாறிக்கொண்டே வந்துள்ளன. அளவை முடியும்வரை ஓர் எண், முடிந்தபின் வேறோர் எண், நிலம் உட்பிரிவு செய்யப்பட்டால் பல எண்கள் என்று அவை கிளைக்கும். இன்றைய பட்டாவில் குறிக்கப்பட்டுள்ள முந்தைய பட்டாவின் எண்ணைப் பிடித்து, அதிலிருந்து அதற்கு முந்தையதற்கு என்று பின்னோக்கி ஏறுவதே வழி. ஊர்ப் பெயர்களும் கைவிடும். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. இன்று தனி மாவட்டமாக உள்ள சபாக் பெர்ணம் முன்பு கோலசிலாங்கூரைச் சேர்ந்தது. பழைய தாளில் கோலசிலாங்கூர் என்றிருப்பதால் முன்னோர் ஆற்றுமுகத்தில் வாழ்ந்தார் என்று முடிவுகட்டுவது அவசரமாகும்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தை எடுத்துக்கொண்டால் நிலத்தின் வரலாறும் குடும்பத்தின் வரலாறும் பிரிந்து நிற்பது கண்கூடாகும். மலாயாவில் எண்ணெய்ப்பனை முதன்முதலாக வணிக அளவில் நடப்பட்டது இத்தோட்டத்தில்தான். ஆண்டு 1917, நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலாங்கூர் ஆற்றோரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டவர் அவர். தம் தோட்ட வாழ்வைக் கொண்டு எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசும் பெற்றார். அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறு, கடிதங்கள், படங்கள் எல்லாம் கிடைக்கின்றன. தோட்டத்தின் பெயரோ தமிழ். ரோமன் எழுத்தில் தெனமாரம் என்று படிக்கப்படுவது தென்னைமரமே என்பதை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக் கணக்கிலும் அரசு வரைபடத்திலும் நிலைக்கும் அளவுக்கு அங்கே தமிழ் பேசுவோர் இருந்தனர் என்பதற்கு அப்பெயரே ஆவணம். ஆனால் அத்தோட்டத்தின் பட்டாவில் தமிழ்த் தொழிலாளி எவரின் பெயரையும் எதிர்பார்க்க முடியாது. நிலத்தின் பெயரைத் தமிழர் கொடுத்தனர். நிலத்தில் அவர்கள் பெயர் இல்லை.

தோட்டத்துக்குள் பெயர் எழுதப்பட்ட ஏடு ஒன்று இருந்தது. அதிகாலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணி என்னும் எழுத்தர் பெயர் கூப்பிட்டுக் குறிக்கும் வருகைப் பதிவே செக்ரோல். ஒருவர் எந்த மாதம் வந்தார், எத்தனை நாள் வேலை செய்தார், எந்தக் கங்காணியின் ஆள், எந்த மாதம் அவர் பெயர் மறைந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்பளக் கணக்குக்கான ஏடாதலால் கணக்கு முடிந்ததும் அதைப் பேண எவருக்கும் காரணமில்லை. தோட்டம் கைமாறியபோதெல்லாம் இவை அழிந்தன. கம்பெனிகளின் மேல்மட்டத் தாள்கள்தான் தப்பின. ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஆவணங்கள் முன்பு லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம் எனப்பட்ட லண்டன் ஆவணக் காப்பகத்திலும், கலைக்கப்பட்ட கம்பெனிகளின் பதிவுக் கோப்புகள் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. சிலாங்கூர் செயலகக் கோப்புகள் கோலாலம்பூரிலுள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலம் கேட்ட விண்ணப்பம், லயத்தின் நிலை, காய்ச்சல் சாவு, கூலித் தகராறு என்று தோட்டங்களைப் பற்றிய அரசுக் கடிதங்களைத் தேட வேண்டிய இடம் அது. ஆள் பெயரைக் கொண்டு அக்கோப்புகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தோட்டத்தின் பெயரைக் கொண்டு தேடினால் அந்த ஆள் வாழ்ந்த ஆண்டின் வாழ்க்கை கிடைக்கும்.

எங்கள் தாத்தாவுக்கு நிலம் இருந்தது, கம்பெனி எடுத்துக்கொண்டது என்று பல குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே ஏற்பதும் அடியோடு தள்ளுவதும் பிழை. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்திருந்தது. லயத்துக்குப் பின்னால் வாழையும் மரவள்ளியும் வைத்து, மாட்டுக்கொட்டகை போட்டு, முப்பது ஆண்டு அனுபவித்த அத்துண்டு, பேரன் வாயில் தாத்தாவின் நிலமாவது இயல்பே. அதற்குப் பட்டா கிடையாது. வேலை போனால் அதுவும் போகும். மறுபுறம், உண்மையாகவே நிலம் வாங்கிய தமிழரும் இருந்தனர். கங்காணிகள், கிராணிகள், வண்டிக்காரர்கள், மாடு வைத்துப் பால் விற்றவர்கள் ஆகியோரில் கையில் காசு சேர்ந்தவர்கள் தோட்டத்தின் ஓரத்திலோ சாலையை ஒட்டியோ இரண்டு மூன்று ஏக்கர் ரப்பர்க் காணி வாங்கினர். 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தபின் ஒதுக்கீட்டு எல்லைக்குள் இருந்த நிலத்தை மலாய்க்காரரல்லாதவர் வாங்க இயலாது. ஆகவே தேட வேண்டிய பரப்பும் அதற்கேற்பக் குறுகும்.

முக்கிம் பதிவேட்டில் அத்தகைய ஒரு காணியின் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்ப்பது பயனுடையது. மேலே முக்கிம், லோட் எண், ஏக்கர் கணக்கில் பரப்பு, ஆண்டு வரி. சாகுபடிக்குரிய பயிர் பற்றிய நிபந்தனை. அதன்கீழ் முதல் உரிமையாளர்; பெரும்பாலும் அவர் தமிழராக இருக்க மாட்டார். அடுத்து ஒரு விற்பனைக் குறிப்பு. அதில் தமிழ்ப் பெயர், இன்னாரின் மகன் என்ற அடையாளத்துடன். சில ஆண்டுகளில் ஓர் அடமானக் குறிப்பு. கடன் கொடுத்தவர் மூன்று நான்கு தலைப்பெழுத்துகளை விலாசமாகக் கொண்ட செட்டியார் கடை. அடமானம் தீர்ந்தது என்ற வரி அடுத்து வந்தால் குடும்பம் தப்பியது. ஏல விற்பனைக் குறிப்பு வந்தால், பெருமந்தம் அக்குடும்பத்தின் கதவைத் தட்டியது என்று கொள்ளலாம். இறுதியில் உரிமையாளர் இறந்தபின் வாரிசுகளுக்கு மாறிய குறிப்பு. இந்தக் கடைசி வரியில்தான் நிலமும் குடும்பமும் ஒன்றை ஒன்று தொடுகின்றன.

உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் அடங்கிய சிறு சொத்தைப் பங்கிடும் வேலையை மலேசியாவில் நீதிமன்றம் செய்வதில்லை; 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில நிர்வாக அதிகாரியே விசாரித்து ஆணையிடுகிறார். விண்ணப்பத்தில் இறந்தவரின் மனைவி, மக்கள், உயிரோடிருந்தால் பெற்றோர் ஆகியோரின் பெயர், உறவு, முகவரி ஆகியவை தரப்பட வேண்டும்; இறப்புப் பத்திரம் இணைக்கப்பட வேண்டும்; வாரிசுகள் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும். தமிழ்நாட்டில் தங்கிவிட்ட முதல் மனைவியும் அவள் பிள்ளைகளும் இத்தகைய கோப்பில் தலைகாட்டக்கூடும். குடும்பத்துக்குள் பேசப்படாதவை அதிகாரியின் முன் சொல்லியாக வேண்டியிருந்தது. மூன்று தலைமுறையை ஒரே இடத்தில் பெயர் சொல்லி நிறுத்தும் தாள் ஒரு தோட்டத் தொழிலாளிக் குடும்பத்துக்கு வேறு எங்கும் கிடைப்பது அரிது. ஆய்வாளர்கள் கோட்டை, அரண்மனை பற்றிய கோப்புகளுக்குத் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இப்பங்கீட்டுக் கோப்புகளுக்குத் தரவில்லை.

நிலமே வாங்காதவருக்குக் குடும்பப் பதிவுகள் மட்டுமே துணை. பிறப்பும் இறப்பும் தேசியப் பதிவிலாகாவில் உள்ளன. பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருப்பதே அவற்றின் பெரும்பயன். அடையாளக் கார்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின் விளைவாக 1948இல் வந்தது. பல தொழிலாளர்களுக்கு வாழ்நாளில் முதன்முதலாக எடுக்கப்பட்ட புகைப்படமும் பெருவிரல் ரேகையும் அதற்காகவே. அதில் உள்ள வயதை நம்ப வேண்டியதில்லை. பஞ்சத்தையோ திருவிழாவையோ வைத்து வயது கணக்கிட்டவர்களிடம் அதிகாரி கேட்டு எழுதிய எண் அது. திருமணத்துக்குப் பத்திரம் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. முஸ்லிமல்லாதவருக்குத் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதே திருமணம். கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலை இதைவிட மேல். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் இடம்பெறுவர்.

பெயர்களைப் படிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். முனியாண்டி ஒரு தாளில் முனியண்டி, இன்னொன்றில் மூனியண்டி. ரோமன் எழுத்தில் எழுதியவர் யாழ்ப்பாணத்தவரா, மலையாளியா, மலாய்க்காரரா என்பதற்கேற்ப எழுத்து மாறும். பெயரின் முதலெழுத்தே மாறிவிடுவதும் உண்டு. ஆனால் மலேசியத் தமிழ்ப் பெயர்முறை ஆய்வாளருக்கு ஒரு பெரிய உதவியையும் செய்கிறது. ஆணுக்கு அனாக் லெலாக்கி, பெண்ணுக்கு அனாக் பெரெம்புவான் என்று தந்தை பெயர் இணைக்கப்படுவதால், பெண் திருமணத்துக்குப் பின்னும் தந்தையின் பெயரையே தாங்குகிறாள். எனவே பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரைப் படித்தாலே தாய்வழிப் பாட்டன் கிடைத்துவிடுகிறான். ஐரோப்பியக் குடும்ப வரலாறுகளில் மிகக் கடினமான தாய்வழித் தேடல் இங்கே தந்தைவழித் தேடலுக்கு இணையாக எளிது. வியப்பு என்னவென்றால், குடும்ப மரம் எழுதும் தமிழர் இதை அறவே பயன்படுத்தாமல் ஆண்வழியை மட்டுமே எழுதுகின்றனர்.

பதிவுகளில் 1942 முதல் 1945 வரை ஒரு பள்ளம். ஜப்பானியர் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்களுக்கு மலாயாவில் இறப்புப் பதிவும் இல்லை. 1941ஆம் ஆண்டுத் தாளில் இடம்பெற்று, 1948ஆம் ஆண்டுத் தாளில் இல்லாத ஆணைப் பற்றி இந்தச் சாத்தியத்தை முதலில் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் கிராமக் கணக்குகள் இருக்கின்றன. நிலவரித் திட்டப் பதிவேடும் அடங்கலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்குக் கொண்டு செல்லும். ஆனால் அவற்றில் பட்டாதாரரே இடம்பெறுவர். திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காட்டு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து வந்தவர்களுக்கு அங்கும் நிலமில்லை. கடலின் இருகரையிலும் பிறர் நிலத்தில் உழைத்தவரை நிலப் பதிவு இருமுறை விட்டுவிட்டது.

மலாயாவின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை ஓரளவு மாறியது. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றனர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். இதைத் தடுக்க, மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தனர். அச்சங்கத்தின் பங்குச் சீட்டு எத்தனையோ வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கிறது. அதில் உள்ள பெயரும் தோட்டமும் நாளும் ஓர் ஆய்வாளருக்குப் போதுமான தொடக்கம்; பட்டாவில் இடம்பெறாத தொழிலாளி நிலத்தோடு எழுத்தில் இணைந்த முதல் தாளும் பல குடும்பங்களுக்கு அதுவே.

இன்று அத்தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பெயரைக் காப்பவை தமிழ்ப்பள்ளிகள். பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்ததால் பிறந்தவை அவை; தோட்டம் மறைந்து பள்ளி வேறிடம் போனாலும் நைஜல் கார்டனர் போன்ற பெயர்கள் பலகையில் தொடர்கின்றன. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தந்தையின் வேலை, சேர்ந்த நாள், விலகிய நாள் என்று ஒரு வரி உண்டு. செக்ரோல் அழிந்த தோட்டத்துக்கு இவ்வேடே மிஞ்சிய மக்கள்தொகைக் கணக்கு. கரையானும் ஈரமும் அரிக்கும் இவ்வேடுகள் பள்ளிகளின் அலமாரிகளில்தான் உள்ளன. பள்ளி இடம் மாறும் நாளில் முதலில் கழிக்கப்படுபவையும் இவையே. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டங்களின் பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் 1960க்கு முந்தைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போதும்.